பதினான்காம் பக்கம்

ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் நலம். பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரமே என் தொண்டை கட்டிக்கொண்டது. வருஷா வருஷம் நடப்பதுதான். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரி மருந்துக்கடையில் நாளெல்லாம் நிற்கிறாளே, கால் வீக்கம் குறைந்ததா?

போனில் கேட்கலாமே என்பாய். போனில் உன்னிடம் எதைக் கேட்டாலும் 'ம்' என்றுதான் பதில் வரும். தாளில் 'ம்' என்று மட்டும் எழுதி அனுப்ப உனக்கே கூச்சமாக இருக்கும். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். போன வெள்ளிக்கிழமை என் ஒன்பதாம் வகுப்பில் முப்பத்திரண்டு பேரில் பதினோரு பேர் வரவில்லை. 'வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்குப் பூமி பிளக்கும், விஞ்ஞானிகள் எச்சரிக்கை, பத்துப் பேருக்கு அனுப்பவும்' என்று செல்போனில் ஒரு செய்தி சுற்றியதாம். வந்தவர்களும் பதினொன்றரை ஆகும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பாறை வகைகள் நடத்திக்கொண்டிருந்தேன். யாருக்கு வேண்டும் பாறை! நீ சிரிக்காதே, உன் அத்தானும் அன்றைக்குப் பணிமனையில் எந்தப் பஸ்ஸுக்கு அடியிலும் படுக்கவில்லையாம்.

திங்கட்கிழமை கேட்டேன். "யார் எழுதினது இதை?"

"தெரியாது டீச்சர்."

"எந்த விஞ்ஞானி?"

"போடல டீச்சர்."

"அப்புறம் எப்படி நம்பினீங்க?"

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "பாடப் புத்தகத்தையும் யார் எழுதினாங்கன்னு பார்க்காமத்தானே டீச்சர் நம்பறோம்?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதமே, தம்பி. இருபத்திரண்டு வருஷ வேலையில் இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

இந்த வருஷம் எங்களுக்கு மூன்று கணினியும் இணைய இணைப்பும் வந்திருக்கின்றன. உன் இணைய நூலகத்தில் பழைய நில ஆய்வுகள் எல்லாம் கிடைக்கும் என்பாயே, அதை வைத்து இந்தப் பிள்ளைகளுக்குப் பூமியையும் சொல்லித்தர வேண்டும், எதை நம்புவது என்பதையும் சொல்லித்தர வேண்டும். யோசித்து எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதுகு பரவாயில்லை. அவள் கால் வீக்கமும் குறைந்திருக்கிறது. கடையில் ஒரு முக்காலி வாங்கிப் போட்டுவிட்டார்கள். அத்தான் வண்டிக்கு அடியில் மறுபடி படுக்க ஆரம்பித்துவிட்டாரா?

என் வேலை உனக்குத் தெரியும். மூன்றாம் மாடியில் ஓர் அறை. பழைய தாள்கள் பறக்கும் என்பதால் மின்விசிறி போட மாட்டோம். பெட்டி பெட்டியாக வரும் நில வரைபடங்கள், மழைப் பதிவேடுகள், கிணறு தோண்டியவர்களின் குறிப்புகள், எல்லாவற்றையும் ஒரு நாளைக்கு நானூறு பக்கம் வீதம் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுகிறேன். மண் பரிசோதனைக் கம்பெனியில் நாலு வருஷம் அலைந்து பார்த்த பூமியைவிட இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த பூமி அதிகம்.

பிள்ளைகளுக்கு எரிமலை வேண்டாம். தங்கள் காலடி மண்ணிலிருந்து தொடங்கட்டும். நூலகத்தில் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் என்னென்ன வருகிறது என்று அவர்களே பார்க்கட்டும்.

ஒன்று மட்டும் சொல். எங்கள் நூலகத்தில் இருப்பதாலேயே எதுவும் உண்மை ஆகிவிடாது. எந்தத் தாளைத் திறந்தாலும் நாலு கேள்வி கேட்கட்டும். யார் எழுதினது? எப்போ எழுதினது? நேரில் பார்த்து எழுதினாரா, கேட்டு எழுதினாரா? யாருக்காக எழுதினார்?

அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. அவளை அடக்கிவிடாதே.

உன் தம்பி


ஜூலை 15

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். தொண்டை தேறிவிட்டது, அதனால் வகுப்பில் என் சத்தமும் கூடிவிட்டது. உங்கள் நலத்துக்கு எழுது.

உன் நாலு கேள்வியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, அழிக்கக் கூடாது என்று கோடு போட்டுவிட்டேன். இப்போது நான் பாடம் நடத்தினாலும் கேட்கிறார்கள், "நீங்க நேர்ல பார்த்தீங்களா டீச்சர்?" என்று. பூமியின் நடுப்பகுதியை நான் எங்கே போய்ப் பார்ப்பது! அந்தக் கடைசி பெஞ்சுக்காரிக்குச் 'சாட்சி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எதற்கெடுத்தாலும் சாட்சி கேட்கிறாளாம்.

உன் நூலகத்தில் எங்கள் ஊரின் அறுபது வருஷத்துப் பழைய வரைபடம் கிடைத்தது. கணினித் திரையில் ஒன்பது தலைகள் முட்டிக்கொண்டு பார்த்தன. சந்தை இல்லை, பஸ் நிலையம் இல்லை, எங்கள் பள்ளிக்கூடம் இருக்கும் இடம் வெறும் மேடு. "நம்ம ஸ்கூலைக் காணோம்!" என்று ஒருத்தன் கத்தினான். அதே மேட்டுக்குப் பின்னால், மலைச்சரிவில், குட்டிக் குட்டிக் கோடுகளாகப் போட்டுப் 'பழைய சரிவு மண்', அதாவது எப்போதோ மேலிருந்து சரிந்து வந்த மண், என்று எழுதியிருந்தது.

அச்செடுத்துக்கொண்டு மேலே ஏறினோம். அங்கே மரங்கள் எல்லாம் அடியில் வளைந்து, பிறகு நேராக வளர்ந்திருக்கின்றன. "மண் மெதுவா நகர்ந்தா மரம் இப்படித்தான் நிமிர்ந்துக்கும்" என்று நான் சொல்லி முடிக்கவில்லை, சாட்சி கணினி அறைக்கு ஓடிவிட்டாள், வேறு யாராவது அப்படி எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க. நடுவில் மலை ஒரு கரண்டியால் அள்ளியது போலக் குழிந்திருப்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். நான் வந்து ஒன்றரை வருஷமாகத் தினமும் பார்க்கும் மலை அது. எனக்குத் தெரியவில்லை. பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அந்தச் சரிவில்தான் பிள்ளைகளுக்கு மாடி வைத்த விடுதி கட்டப் போகிறார்கள். நிலம் உறுதியானது என்று ஓர் ஆய்வறிக்கை இருக்கிறதாம், அதுவும் உன் நூலகத்திலேயே. அடுத்த வாரம் அதைப் படிக்கப் போகிறோம்.

நான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து நீ ஒருமுறைகூட வரவில்லை. உன் அத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அந்த அறிக்கை ஒன்பதாம் வகுப்புக்குக் கடினம். எல்லாம் எண்களும் அட்டவணையுமாக இருக்கும், பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். ஆற்று மணல் பற்றி நல்ல தொகுப்பு ஒன்று ஏற்றியிருக்கிறோம், படங்களோடு. அதைப் பாருங்கள்.

லீவு கிடைத்தால் வருகிறேன். அத்தானுக்கு வணக்கம் சொல்.

உன் தம்பி


ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். அங்கே எல்லோரும் எப்படி? உன் கடிதம் ஒரு 'ம்' அளவுக்குத்தான் இருந்தது.

உன் பேச்சைக் கேட்கவில்லை. கடினம் என்று சொன்னால் இந்தப் பிள்ளைகள் விடுவார்களா? வரி வரியாக அந்த அறிக்கையைப் படித்தோம். ஒன்பது வருஷத்துக்கு முந்தையது. 'மேல்மண் கூழாங்கல் கலந்தது, உறுதியானது, மாடிக் கட்டடத்துக்கு ஏற்றது' என்று முடிவு சொல்கிறது. ஆறாம் பக்கத்தில், மண்ணைப் பல்லில் கடித்துப் பார்த்ததில் நறநறவென்று இருந்தது என்று ஒரு வரி. வகுப்பே சிரித்து உருண்டது.

பிறகு நாலு கேள்விக்கு வந்தோம். எப்போ? மே மாதம், இரண்டு நாள். நேரில் பார்த்தாரா? பார்த்திருக்கிறார், ஆறடிக் குழி மூன்று தோண்டியிருக்கிறார். யாருக்காக? நிலத்தின் சொந்தக்காரர்களுக்காக. யார் எழுதினது? அங்கேதான் முட்டியது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'மொத்தம் 14' என்று இருக்கிறது. திரையில் பதின்மூன்றுதான் இருக்கிறது. பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டிய கடைசிப் பக்கம் இல்லை.

"டீச்சர், நாலு கேள்வி போதாது" என்றாள் சாட்சி. நேராகக் கரும்பலகைக்குப் போய் ஐந்தாவதை அவளே எழுதினாள். முழுசா இருக்கா?

உங்கள் நூலகத்துக் கேள்விப் பெட்டிக்குப் பிள்ளைகள் எழுதிப் போட்டிருக்கிறார்கள். யார் மேஜைக்குப் போகுமோ தெரியாது. உனக்குத் தெரிந்தவராக இருந்தால் கொஞ்சம் சீக்கிரம் பார்க்கச் சொல்.

விடுதிக் கட்டடக் குழுத் தலைவரிடம், அவர் மரக்கடை வைத்திருக்கிறார், பழைய வரைபடத்தைக் காட்டினேன். "படிச்சவங்க எழுதின அறிக்கை இருக்கறப்ப, பசங்க விளையாட்டை எதுக்கு டீச்சர் எடுத்துட்டு வர்றீங்க?" என்றார். சரி என்று திரும்பி வந்து பிள்ளைகளோடு சரிவின் குறுக்கே இருபது முளைகள் அடித்தோம். இரண்டு முனையிலும் பாறையில் கட்டிய கயிறு, நூல் பிடித்தாற்போல நேர்கோடு. மழைக்குப் பிறகு அந்தக் கோடு என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

ஐந்து வாரமாகிறது. பதில் இல்லை. உன் வீட்டுக்காரியிடம் பேசினேன். "நல்லாத்தான் இருக்கார் அண்ணி, ஆனா சாப்பாட்டுல கவனமே இல்ல" என்றாள். காய்ச்சல் ஏதும் இல்லையே?

பிள்ளைகள் திங்கட்கிழமை தோறும் கணினியைத் திறந்து பதில் வந்ததா என்று பார்க்கிறார்கள். வரவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு நாளில் கயிற்றுக்கும் நடு முளைகளுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. முனையில் இருப்பவை அப்படியே இருக்கின்றன. நடுவில் உள்ளவை மட்டும் கீழே இறங்கியிருக்கின்றன. என் கண்ணை நானே நம்பாமல் உன் அத்தானைக் கூட்டிப்போனேன். பணிமனை டேப்பால் அளந்துவிட்டு, "இது இன்ஜின் வச்ச இடத்துலயே இருக்க, வண்டி மட்டும் நகர்ற மாதிரி இருக்கே" என்றார். அவருக்குப் பயம் வந்தால் இப்படித்தான் பேசுவார்.

குழு அக்டோபர் பத்தாம் தேதி கூடுகிறது. அன்றைக்கு முடிவெடுத்தால் அடுத்த வாரமே அஸ்திவாரம் தோண்டுவார்கள். இருநூறு பிள்ளைகள் தூங்கப்போகும் கட்டடம், தம்பி.

நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


செப்டம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் இல்லை. நீ எதையும் கேட்காமல் விட்டதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறது.

அந்த அறிக்கையை எழுதியவன் நான்.

கம்பெனியில் சேர்ந்த இரண்டாம் வருஷம், எனக்கு இருபத்தைந்து வயது. மே மாத வெயிலில் இரண்டு நாள் அந்தச் சரிவில் நடந்தேன். ஆறடி வரை நல்ல கூழாங்கல். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், மழைக்காலத்தில் இன்னொரு தடவை வரவேண்டும் என்று மேலாளரிடம் கேட்டேன். "அவங்களுக்கு அடுத்த வாரமே வேணுமாம்ப்பா" என்றார். பழைய வரைபடம் இருக்கிறதா என்றுகூட நான் தேடவில்லை. அவர் மேல் பழி போட்டு எழுதலாம்தான். ஆனால் பேனா என் கையில்தான் இருந்தது. 'உறுதியான நிலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது கட்டடத் திட்டம் ஏனோ கைவிடப்பட்டது. நானும் அதை மறந்துபோனதாக நினைத்தேன்.

கம்பெனியை மூடியபோது அதன் பெட்டிகள் எங்கள் நூலகத்துக்கு வந்தன. மூன்று வருஷத்துக்கு முன் அந்த அறிக்கை என் மேஜைக்கே வந்தது. பதின்மூன்று பக்கம் ஸ்கேன் செய்தேன். பதினான்காவது பக்கத்தைத் திருப்பிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். தவறி விட்டதாக என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

நீ அந்த ஊருக்கு மாற்றலாகிப் போனதாகச் சொன்ன நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. ஆனாலும் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடச் சொன்னவனும் நான்தான், யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று உள்ளே எங்கோ நினைத்தேனோ என்னவோ. நான் ஏன் வரவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும். வந்தால் உன் வாசலிலிருந்து அந்த மலை தெரியும்.

கேள்விப் பெட்டியைப் பார்ப்பவனும் நான்தான். பிள்ளைகள் எழுதியது இது: 'ஐயா, பதினான்காம் பக்கம் எங்கே? இதை எழுதியவர் மழைக்காலத்தில் எங்கள் மலைக்கு வந்தாரா? வந்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார் என்று நினைக்கிறோம்.' திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர்கள் எனக்காகப் பரிந்து பேசியிருந்தார்கள். ஏழு வாரம் அந்த மூன்று வரியைத் தினமும் திறந்து மூடினேன்.

நேற்று தலைமை நூலகர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ராஜினாமாவையும் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார். பக்கத்தை ஏற்ற மட்டும் அனுமதி தந்தார். இப்போது பதினான்காம் பக்கம் என் பெயரோடு இணையத்தில் இருக்கிறது. கூடவே ஒரு பக்கக் குறிப்பும்: என்ன பார்த்தேன், என்ன பார்க்கவில்லை, ஏன் இந்த அறிக்கையை வைத்து யாரும் கட்டக் கூடாது என்று.

பிள்ளைகளிடம் நான் உன் தம்பி என்று சொல்ல வேண்டாம் என்றால் சொல்லாதே.

உன் தம்பி


அக்டோபர் 3

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் சாப்பிடு. மற்றதெல்லாம் பிறகு.

எனக்குத் தெரியும். ஆறாம் பக்கத்தில் மண்ணைக் கடித்துப் பார்த்த வரியைப் படித்த அன்றே தெரியும். கல்லூரி லீவில் வந்தபோது வீட்டுப் பூந்தொட்டியிலிருந்து மண்ணை எடுத்து மென்று பார்த்தவன் நீ. வகுப்பு சிரித்தபோது நானும் சிரித்தேன், அடுத்த பக்கத்துக்குப் போகச் சொன்னேன். உன்னைக் கேட்டிருக்கலாம். நீயாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். இருநூறு பிள்ளைகள் விஷயத்தில் அப்படிக் காத்திருந்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உன் பதில் வந்திராவிட்டால் பத்தாம் தேதி நானே சொல்லியிருப்பேன்.

திங்கட்கிழமை பக்கத்தைத் திறந்தார்கள். குறிப்பைச் சாட்சி சத்தமாகப் படித்தாள். முடித்ததும், "இவரை நம்பலாம் டீச்சர்" என்றாள். "தப்புன்னு தெரிஞ்சதும் பேரோட வந்து சொல்றாரே."

முன் பெஞ்சில் ஒருத்தன் விடவில்லை. "அப்ப ஒன்பது வருஷமா ஏன் சொல்லல?"

இரண்டும் சரிதான் என்றேன். பிறகு, "அவர் என் தம்பி" என்றேன். மணி அடித்து வெளியே போகும்போது அந்த முன் பெஞ்சுக்காரன் என் மேஜை அருகே நின்று, "சாரி டீச்சர், ஆனா கேள்வி கேள்விதான்" என்றான். அவனைத் தட்டிக்கொடுத்து அனுப்பினேன்.

நீ செய்தது சின்னக் காரியமில்லை. உன்னைத் தூக்கி வளர்த்த கைக்கு இன்றைக்கு என்னவோ கனமே இல்லாதது போலிருக்கிறது.

அன்புடன்,
அக்கா


அக்டோபர் 12

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். நனைந்ததில் எனக்குக் கொஞ்சம் ஜலதோஷம், அவ்வளவுதான். எப்படி நனைந்தேன் என்று கேள்.

குழுக் கூட்டத்துக்கு ஐந்து பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். பழைய வரைபடம், இருபது வருஷ மழைக்கணக்கு, உன் அறிக்கை பதினான்கு பக்கம், உன் குறிப்பு, எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினார்கள். எது யார் எழுதியது, எப்போது எழுதியது என்று ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டியிருந்தது. கட்டட இன்ஜினியர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சீட்டாகப் படித்தார்.

குழுவில் ஒருவர் உன் குறிப்பைத் தள்ளிவிட்டார். "அன்னைக்குத் தப்பா எழுதினவர் இன்னைக்குச் சொல்றதை மட்டும் எப்படிங்க நம்பறது?"

என் முகம் சுருங்கிப்போயிற்று. நான் வாய் திறப்பதற்குள் சாட்சி எழுந்துவிட்டாள்.

"அவரை நம்ப வேண்டாம் சார். எங்களையும் நம்ப வேண்டாம். முளையை வந்து பாருங்க."

தூறலில் அத்தனை பேரும் மேலே ஏறினோம். இன்ஜினியர் முதல் முளைக்குப் பின்னால் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கயிற்றோடு பார்த்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. நடுவில் இப்போது ஆறு விரல். மரக்கடைக்காரர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வழுக்கி வழுக்கி நடு முளை வரைக்கும் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, "என் பேத்தியும் அந்த விடுதியிலதான் தங்கறதா இருந்தா" என்றார்.

விடுதி சாலையோரச் சமதரையில் கட்டுவதாக முடிவாகிவிட்டது. அது பிள்ளைகளின் கால்பந்து மைதானம். வெற்றியோடு வகுப்புக்குத் திரும்பினால், பாதிப் பேர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்! "உண்மையைக் கண்டுபிடிச்சா கிரவுண்டு போயிடும்னு நீங்க சொல்லவே இல்லையே டீச்சர்" என்கிறான் ஒருத்தன்.

உன் வேலை என்ன ஆயிற்று? அதை எழுதாமல் இருக்காதே.

அன்புடன்,
அக்கா


நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், அவளையே கேட்டுக்கொள். டிசம்பர் லீவில் இரண்டு பேரும் அங்கே வருகிறோம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

முன் பெஞ்சுக்காரனிடம் சொல்: பயம். ஒன்பது வருஷத்துக்கும் அந்த ஒரு சொல்தான் பதில். நேரில் வந்து அவனிடம் நானே சொல்கிறேன்.

தலைமை நூலகர் அம்மா போன மாதம் கூப்பிட்டார். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. பக்கத்தை மறைத்ததற்கு எழுத்தில் கண்டனம், என் கோப்பில் நிரந்தரமாக இருக்கும். படித்துக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு வரிகூட அநியாயம் இல்லை. பிறகு என் ராஜினாமாவை எடுத்து மேஜையின் மேல் என் பக்கமாகத் தள்ளினார். "நீங்க போயிட்டா இதைச் செய்ய ஆள் யாரு?" என்றார்.

அவர் சொன்ன 'இது' என்னவென்றால், நூலகத்தில் உள்ள எந்த ஆய்வறிக்கைக்கும் பக்கத்தில் 'எழுதியவரின் திருத்தம்' என்று ஓர் இடம். அறிக்கையை எழுதியவர் தன் பெயரோடு வந்து, தான் எங்கே தவறினார் என்று எழுதலாம். பழைய பக்கத்தை அழிக்க மாட்டோம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஐந்தாவது கேள்வியை எழுதிய பெண்ணிடம் சொல், அவள் கேட்டதால்தான் இது வந்தது என்று. நாங்கள் படித்தவர்கள் பதினேழு பேர் இந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறோம், ஒருவருக்கும் தோன்றவில்லை.

அறிவிப்பைப் போட்டு மூன்று வாரம் யாரும் எழுதவில்லை. தன் தவற்றைப் பெயர் போட்டு எழுத யார் வருவார்கள் என்று அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நேற்றுக் காலை ஒருவர் மூன்று மாடி ஏறி வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், மூச்சு வாங்கியது. கிணறுகளையும் நிலத்தடி நீரையும் ஆராய்ந்து ஓய்வு பெற்றவராம். பையிலிருந்து ஒரு பழைய அறிக்கையை எடுத்தார்.

"இதுல நாற்பத்தோராம் பக்கத்துல ஒரு தப்பு இருக்கு தம்பி. எனக்கு முப்பது வருஷமாத் தெரியும். எங்க எழுதணும்?"

என் நாற்காலியை அவருக்குப் போட்டுவிட்டு, நான் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

அன்புடன்,
உன் தம்பி